மறுமுனையில் ஆள்

அந்த நாடகத்தில் எனக்கு வசனம் கிடையாது.
எனக்கு மட்டுமில்லை, அந்தப் பாத்திரத்தில்
இதுவரை இருந்த எவனுக்கும்.
ஒருத்தி, ஒரு ஃபோன், ஒரு மணி நேரம்.
விட்டுப் போகிறவன் பேசுவது நமக்குக் கேட்காது.
எழுதியவர் அவனுக்கென்று வைத்தது
புள்ளிகள்தான். மூன்று மூன்றாக.

முதல் தடவை படமாக்கியபோது நான் பிறக்கவில்லை.
தேவசகாயம் சார் கேசட் போட்டுக் காட்டினார்.
கறுப்பு டெலிஃபோன், சுருள் ஒயர்.
அந்த அம்மா அதை மணிக்கட்டில்
சுற்றிச் சுற்றிக் கடைசியில் கை நீலமாகிறது.
கறுப்பு வெள்ளையில் ஏது நீலம் என்று கேட்காதீர்கள்.
நீலம்தான்.
நடுவில் ஒருமுறை கேட்கிறாள்:
"உணவருந்தினீர்களா?"

அடுத்ததில் கலர் வந்தது, ஒயர் போய்விட்டது.
கார்ட்லெஸ்ஸோடு ஏழு அறை நடக்கிறாள்.
அவ்வளவு பெரிய வீட்டில்
அவ்வளவு வசதியான அழுகை.
அவனுக்கு முகமும் கொடுத்திருந்தார்கள்,
காருக்குள், கூலிங்கிளாஸோடு.
பார்த்ததும் எனக்குத் தோன்றியது
இவனுக்கா?

மூன்றாவது எங்களுடையது.
ராயபுரம், கல்மண்டபத்தை ஒட்டிய சந்து,
ஒன்றரை அறை, நாலு நாள் வாடகைக்கு.
நடித்தவள் அமலோற்பவம்.
விடியற்காலையில் காசிமேட்டு ஐஸ் கம்பெனியில்
கணக்கு எழுதிவிட்டு வருவாள்,
விரலில் கார்பன் மை.
க்ளோசப்பில் தெரிகிறது, கழுவு என்றார்கள்.
கழுவினாள். போகவில்லை.

செல்ஃபோனில் எதைச் சுற்றுவது மணிக்கட்டில்?
சார் ஒரு ராத்திரி முழுக்க யோசித்துக் கண்டுபிடித்தார்.
பேட்டரி செத்த ஃபோன்,
சார்ஜரைப் பிடுங்கினால் அணைந்துவிடும்.
பிளக் கதவோரம். ஒயர் மூன்றடி.
அந்த மூன்றடிக்குள்தான் அவள்
குந்தினாள், எழுந்தாள், சுவரில் நெற்றியை வைத்தாள்,
ஒருத்தனை இழந்தாள்.

நான் வெளியே மாடிப்படியில்,
இன்னொரு ஃபோனைக் காதில் வைத்தபடி.
சும்மா இருக்க நாளுக்கு அறுநூறு.
"நெசமா ஒருத்தன் கேட்டுட்டு இருந்தாத்தான்
அவ நிறுத்துற நீளம் சரியா வரும்" என்றார் சார்.
மூச்சு விடலாம். இருமக் கூடாது.

கண்டெய்னர் லாரி போனால் கட்.
யார்டில் எஞ்சின் ஊதினால் கட்.
கீழ்வீட்டு வஞ்சிரம் வறுவல் வாசனைக்கு மட்டும்
யாராலும் கட் சொல்ல முடியவில்லை.

பதினொரு டேக்.
பதினொரு முறையும் கேட்டாள், "துன்ட்டியா?"
அவளே மாற்றிக்கொண்ட வசனம்.
"உணவருந்தினீர்களான்னு கேட்டா
எந்த நாயும் திரும்பி வராது சார்."
பதினொரு முறையும் நான் புள்ளிகளாக இருந்தேன்.

பன்னிரண்டாவதில் மணி நாலு.
காலையில் குடித்த டீயோடு நிற்கிற வயிறு.
துன்ட்டியா, என்றாள்.
"இன்னும் இல்ல" என்றேன்.

வாய் தவறி.
இல்லை. தவறவில்லை.
இரண்டு வருஷத்துக்கு முன்னால் தண்டையார்பேட்டையிலிருந்து
ஒருத்தி இதே கேள்வியை மெசேஜில் அனுப்பினாள்.
படித்தேன். அவளுக்கு அங்கே
இரண்டு டிக் நீலமாயிருக்கும்.
அதற்கப்புறம் நான் ஒரு புள்ளிகூட அனுப்பவில்லை.

சார் கட் சொல்லவில்லை.
படத்தில் என் குரலைத் துடைத்துவிட்டார்கள்.
ஆனாலும் நாற்பத்தோராவது நிமிஷத்தில்
அவள் முகத்தைப் பாருங்கள்.
யாரோ உள்ளே வந்துவிட்டதுபோல் ஒரு கணம்.
பிறகு பிளக் பக்கம் திரும்பி
சார்ஜரை இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொருகுகிறாள்.
ஸ்கிரிப்டில் அது இல்லை.

திருவொற்றியூரில் போட்டுக் காட்டியபோது
முன்வரிசைப் பையன் உரக்கவே கேட்டான்:
"யாருமே பேசலியே, இந்தக்கா ஏன் சிரிக்குது?"

பேக்கப் ஆனதும் படியிறங்கி வந்தவள்
என்னைத் தாண்டிப் போகும்போது
"பேசாம இருக்கத்தானே காசு குடுத்தாங்க உனக்கு"
என்றாள், நிற்காமல்.

நிஜம்தான். அன்றைய அறுநூறில்
நூறு ரூபாய் பிடித்துக்கொண்டார்கள்.
இரண்டு சொல்.
தலா ஐம்பது.
தண்டையார்பேட்டைக்கு இதை
சும்மாவே அனுப்பியிருக்கலாம்.